அவர் அளந்து பார்க்காத ஒன்று

"நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டால் உலகத்தில் எல்லாரும் "இருக்கேன்" என்பார்கள். எங்கள் ஸ்டோர் அண்ணன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "காலையில பிரஷர் நூத்தி முப்பத்தெட்டு. எடை அறுபத்தொண்ணு" என்பார். அது நல்லா இருப்பதா இல்லையா என்பதை நாம்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத எனக்கு யோக்கியதை இல்லை. எஸ்டேட்டில் எல்லாரும் ஸ்டோர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம், அதுவே போதும்.

பிரிஞ்சாங் டவுனிலிருந்து கம்போங் ராஜா போகிற மலை ரோட்டில், தேயிலைக்குள்ளே இறங்கும் பாதை ஒன்றின் முடிவில் எங்கள் ஃபேக்டரி இருக்கிறது. நான் அங்கே பேக்கிங் ரூமில் மெஷின் ஓட்டுகிறவள். அவர் பக்கத்துக் கட்டடத்தில் ஸ்டோர்கீப்பர். உரமூட்டை, கையுறை, கொழுந்து வெட்டும் கத்தரி எல்லாம் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. ஆனால் வயர், மோட்டார், போர்டு என்று எது கெட்டாலும் நாங்கள் ஓடுவது அவரிடம்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவர். மீதியெல்லாம் கெட்டுப்போன சாமான்களைப் பிரித்துப் பிரித்துத் தானே கற்றது.

அவர் வாயில் எப்போதும் ஒரே கேள்வி. "அளந்து பாத்தியா?"

கேஸ் தீர்ந்துபோச்சுண்ணே என்றால், அளந்து பாத்தியா? இன்னைக்குக் குளிர் அதிகம்ணே என்றால், அளந்து பாத்தியா? ஒரு தடவை எங்கள் பேக்கிங் ரூம் கமலா, "எம் மாமியாருக்கு வாய் ரொம்ப நீளம்ணே" என்று சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறக்கும் முன்பே, "அளந்து பாக்கலண்ணே, விட்டுருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். என் அம்மா பக்கவாதத்தில் விழுந்து படுக்கையோடு கிடந்த காலம் அது. தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து மாத்திரை வாங்கி வந்து, "முப்பது நாளைக்குக் குடுத்துருக்காங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "எண்ணிப் பாத்தியா?" என்றார். "ஆஸ்பத்திரியில குடுத்தத எண்ணுவாங்களாண்ணே?" என்று கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. பையை வாங்கி, பெஞ்சில் அட்டைகளைப் பரப்பி எண்ணினார். ஒரு மருந்து இருபதுதான் இருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறி வந்து, கவுன்டரில் நின்று, மீதிப் பத்தையும் வாங்கிக் கொடுத்தார். "அவங்க மேல தப்பு இல்ல. கூட்டம் அதிகம்" என்று அவர்களுக்காக அவரே பேசினார்.

கொழுந்து நிறுக்கும் தராசு விஷயமும் இப்படித்தான். எடுப்பவர்கள் எல்லாரும், எடை குறைகிறது, எடை குறைகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். யார் காதில் விழும்? இவர் ஒரு இரும்புக் கட்டியை எடுத்துக்கொண்டு போய் பிரிஞ்சாங்கில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற மூன்று கடைகளில் மூன்று தராசில் நிறுத்துப் பார்த்தார். மூன்றும் ஒன்றாகக் காட்டிய பிறகுதான் அந்தக் கட்டியை நம்பினார். அதை எடுத்து வந்து கங்காணியின் தராசில் தொங்கவிட்டார். அரைக் கிலோ குறைந்தது.

கங்காணி குதித்தார். "என்னா, என்னயே சந்தேகப்படுறியா?"

"ஒங்கள இல்லண்ணே. ஸ்பிரிங்க."

அன்றைக்குச் சாயங்காலம் நான் அவரிடம் கேட்டேன். "அந்த ஆளு திருடுறான்னு ஊருக்கே தெரியும். ஏண்ணே ஸ்பிரிங்கு மேல பழியப் போட்டீங்க?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "ஸ்பிரிங்கு தளந்துருந்துச்சு, நான் அளந்தேன். மனுசன எதுக்கு அளக்கணும் தங்கச்சி? பொருளுக்கு வாய் இல்ல. கேட்டா சொல்லாது. அதனால அளக்குறோம். மனுசனக் கேட்டா சொல்லிடுவான்லா."

இப்படி ஒரு ஆளா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வார்த்தை எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

எங்கள் பேக்கிங் மெஷின் பழசு. அச்சடித்த தாள் சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தூளைப் போட்டு, ஒட்டி, வெட்டிப் பாக்கெட்டாகத் தள்ளும். வெட்டு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் உள்ள வெள்ளைக் கோட்டில் விழ வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை தாளை இழுக்கும் மோட்டாரும் அதை ஓட்டும் போர்டும் சேர்ந்து கருகிவிட்டன. ரூம் முழுக்க நாற்றம். மெஷின் செய்த கம்பெனியே அந்த மாடலை விட்டு வெகுநாள் ஆகிவிட்டது என்று ஏஜெண்டு கையை விரித்துவிட்டான்.

மறுநாள் துரை எங்களைக் கூப்பிட்டார். புதிதாக வந்த மேனேஜர், சின்ன வயது. நாங்கள் பழக்கத்தில் துரை என்போம். "வர்ற வாரம் வெள்ளிக்கிழமை கே.எல். ஹெட் ஆபீஸ்லருந்து ரெண்டு பேர் வர்றாங்க. அவங்க வர்றப்ப மெஷின் ஓடணும். இல்லன்னா பேக்கிங்கக் கீழ ஈப்போவுக்கு மாத்திடுவாங்க. ஒங்களுக்கு மலையில வேல இருக்கு. வேணாம்னா போயிக்கலாம்" என்றார்.

பேக்கிங்கில் நாங்கள் நாலு பெண்கள். மற்ற மூவர் மலை ஏறிவிடுவார்கள். என் வலது மூட்டு தேய்ந்துபோய், ஃபேக்டரிப் படி ஏறுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டும். சரிவில் பூச்சிமருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே ஏறுவது? வேலை போனால் லைன் வீடு போகும். எஸ்டேட்டில் வேலை செய்கிற ஆள் இருக்கும்வரைதான் வீடு. அம்மா அந்த லைனில் பிறந்தவள், அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள், இப்போது திரும்பிப் படுக்கக்கூட என் கை வேண்டும். அவளைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது? அன்றைக்கு முழுதும் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

ஸ்டோருக்குப் போய் நின்றேன். அவர் ஏற்கெனவே பழைய லேபிள் ஒட்டும் மெஷினிலிருந்து ஒரு மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தார். கருப்பாக, சதுரமாக, நாலு வயரோடு. எந்த வயர் எதற்கு ஜோடி என்று தெரியவில்லை. அவர் இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கிவிட்டு, அச்சை விரலால் சுழற்றினார். லேசாகச் சுற்றியது. பிரித்தார். வேறு இரண்டை முறுக்கினார். இந்தத் தடவை அச்சு அடம்பிடித்தது. "இது ரெண்டும் ஒரு சுருள்" என்று நூல் கட்டினார். அப்புறம் மீட்டரை வைத்தும் பார்த்தார். விரல் சொன்னதையும் அவர் முழுசாக நம்பவில்லை.

"இது சாதா மோட்டார் இல்ல தங்கச்சி. அது ஓடும், இது நடக்கும். ஸ்டெப்பர். ஒரு சுத்துக்கு எரநூறு அடி. போர்டு ஒரு அடி வைன்னு சொல்லும், இது வைக்கும்."

"வைக்கலன்னா?"

"வெச்சியான்னு போர்டு திரும்பிக் கேக்காது. தான் சொன்னத மட்டும் எண்ணிக்கிட்டே போவும். வெட்டு தப்பா விழும்போதுதான் நமக்குத் தெரியும்."

போர்டை நான்தான் ஹாண்ட்போனில் தேடினேன். மோட்டார் மேல் ஒன்று புள்ளி ஏழு ஆம்பியர் என்று எழுதியிருந்தது. இரண்டு ஆம்பியர் என்று போட்டிருந்த ஒரு போர்டு மூன்று நாளில் வரும் என்றது. இரண்டு, ஒன்று புள்ளி ஏழைவிடப் பெரிதுதானே! அவரைக் கேட்காமலே ஆர்டர் போட்டேன். பிரிஞ்சாங்கில் பார்சலை வாங்கி, பெரிய சாதனை செய்தவள்போல அவர் பெஞ்சில் கொண்டுபோய் வைத்தேன். உள்ளங்கையைவிடச் சின்னது. மேலே பல் பல்லாக ஒரு அலுமினியத் துண்டு.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒத்துவராது."

"ஏண்ணே? ரெண்டுன்னு எழுதிருக்கே!"

"எழுதுனவன் அளந்து பாத்தானா? இத்தனூண்டு தகடு ரெண்டு ஆம்பியர் சூட்ட எங்கம்மா கொண்டுபோயி எறக்கும்? ஒண்ணேகால் தாண்டுனா சுட்டுரும். சுட்டா, தன்னயக் காப்பாத்திக்க அதுவே அப்பப்ப மூடிக்கும். மோட்டார் அப்பிடியே நிக்கும். சரியான போர்டு வேணும்னா மூணு வாரம் ஆவும்."

"மூணு வாரமா? வெள்ளிக்கிழம வர்றாங்கண்ணே!"

"அதுக்கு நான் என்னா செய்யட்டும்? ஒத்துவராதது ஒத்துவராதுதான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஒங்களுக்கு என்னா? மக கிள்ளான்ல இருக்கு. நாளைக்கே கெளம்பிப் போயிருவீங்க. எங்கம்மாவ நான் எங்க தூக்கிட்டுப் போவேன்? ரோட்டுலயா போடுவேன்?" என்று கத்திவிட்டு, அந்த உரமூட்டைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது.

அவருக்கு ஓய்வு வயது தாண்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. வருடா வருடம் நீட்டித்துக் கொடுத்ததில்தான் ஓடிக்கொண்டிருந்தார். மகள் கூப்பிட்டும் போகாமல் அந்த மலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவர் ஒரு ஸ்பிரிங் தராசை எடுத்துக்கொண்டு பேக்கிங் ரூமுக்கு நடந்தார். தாளின் நுனியில் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தார். முந்நூறு கிராம். திரும்பி வந்து, மோட்டாருக்கு ஒன்று புள்ளி ஒன்று ஆம்பியர் மட்டும் கொடுத்து, உருளையில் கயிறு கட்டி, ஒரு பெயிண்ட் டின்னைத் தொங்கவிட்டு, அதில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே போனார். எந்த எடையில் மோட்டார் அடி தவறுகிறது என்று பார்க்க. ஒரு கிலோ வரைக்கும் தவறவில்லை.

"மூணு மடங்கு இருக்கு" என்றார், தனக்குத்தானே. "வேகத்தக் கொறச்சுக்கலாம். நிமிசத்துக்கு அம்பது வேணாம், முப்பது போதும். மோட்டாருக்குக் கொஞ்சம் பசியோட வேல செய்யத் தெரியணும், அவ்வளவுதான்."

போர்டில் கடுகளவு ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால்தான் கரண்டு கூடும், குறையும். எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டாம். அந்தக் கணக்குக்கு வேண்டிய எண் போர்டிலேயே அச்சாகியிருந்தது. அதையும் நம்பாமல், தானே ஒரு ஆம்பியர் ஓடவிட்டு அளந்து, அப்புறம்தான் கணக்குப் போட்டார். நீல அட்டை நோட்டில் பென்சிலால் எழுதி, இரண்டு தரம் சரிபார்த்தார். புதன்கிழமை காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஏழு வரை மெஷின் ஓடியது. அரைமணிக்கு ஒருமுறை புறங்கையை அந்த அலுமினியத்தின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார், பிறகு சூடு பார்க்கும் கருவியை வைத்து எழுதிக்கொள்வார். பன்னிரண்டு மணி நேரமும் ஒரு வெட்டுகூடத் தவறவில்லை.

முடித்துவிட்டு என்னிடம் வந்து, கூச்சத்தோடு, "தங்கச்சி, ஒங்கிட்ட நகப்பாலீஷ் இருக்குமா?" என்றார். யாரிடமும் எதையும் கேட்காத மனிதர். கமலா பையிலிருந்து சிவப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். திருகு அசையாமல் இருக்க அதன்மேல் ஒரு சொட்டு வைத்தார். போர்டை ஒரு தகரப் பெட்டியில் பொருத்தி, மேல்பக்கத்தைத் திறந்தே விட்டார்.

"இதுக்கு மேல எதயும் வைக்காதீங்க. சூடு மேலதான் போவணும்" என்றார். துரையும் பக்கத்தில் நின்று, "ஸ்டோர்கீப்பர் தவிர யாரும் இதுல கை வைக்கக்கூடாது. கை வெச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா, வெச்சவங்க அன்னைக்கே வீட்டக் காலி பண்ணிக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு மெஷினுக்குப் பூஜை போட்டோம். புதுப் பொருள் எதையாவது சாமி கும்பிடாமல் ஓட்டுவோமா? அதுவும் எங்கள் சோறு அதில் இருக்கும்போது? கம்போங் ராஜாத் தோட்டத்திலிருந்து செவ்வந்தி வாங்கி வந்து, முந்தின நாளே உட்கார்ந்து நான்தான் கட்டினேன். கை தடிமன் மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சை, உடம்பெல்லாம் சந்தனம் குங்குமம். மாலையை எங்கே போடுவது? மெஷினில் மற்ற இடமெல்லாம் சுழல்கிற இடம், சிக்கிக்கொள்ளும். அசையாமல் இருந்தது அந்தத் தகரப் பெட்டி ஒன்றுதான். எங்களைக் காப்பாற்றப்போகிற சாமியே அதற்குள்தானே உட்கார்ந்திருக்கிறது என்றும் நினைத்தேன்.

பூவில் பனி ஈரம் இருந்தது. சொட்டு விழுந்தால் போர்டு கெட்டுப்போகுமே என்று, ஜாக்கிரதையாக, நான்காய் மடித்த மஞ்சள் துணியைத் திறப்பின்மேல் விரித்தேன். பேக்கிங் ரூமில் திறந்து கிடப்பதையெல்லாம் மூடிப் பழகிய கை இது. அதன்மேல் மாலையை மூன்று சுற்றுச் சுற்றினேன். எதையும் வைக்காதே என்று அவர் சொன்னது காதில் இருந்தது. அவர் சொன்னது டீ கிளாஸை, ஸ்பேனரை. சாமிக்கு வைக்கிற பூவையா சொன்னார்? அப்படித்தான் என் புத்தி போனது.

அவர் பூஜைக்கு வரவில்லை. உர லோரி வந்திருந்தது, மூட்டை எண்ணப் போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரம் மெஷின் அழகாக ஓடியது. ஒன்பதேகாலுக்கு ஒரு பாக்கெட்டில் வெட்டு கொஞ்சம் கீழே விழுந்தது. அடுத்ததில் இன்னும் கீழே. அப்புறம் படத்தின் நடுவிலேயே விழுந்து, தூள் தட்டு முழுக்கக் கொட்டியது. "ஐயோ, என்னாடி இது!" என்று கமலா அலறிக்கொண்டு அவரைக் கூப்பிட ஓடினாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பெட்டியில் கை வைத்தேன். மாலைக்கு அடியில் துணி இஸ்திரி போட்டதுபோலச் சுட்டது. பூ வெந்திருந்தது.

எனக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. மாலையையும் துணியையும் பிடுங்கி, கழிவுத்தூள் சாக்குக்குள் திணித்தேன். மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பினால் வாசலில் துரையும் கே.எல். ஆட்கள் இருவரும். அவர்களுக்குப் பின்னாலேயே, கையெல்லாம் உரத்தூளோடு, அவர்.

அவர் நேராகப் பெட்டியிடம் போனார். புறங்கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். மீட்டரை வைத்தார். கரண்டு சரியாக இருந்தது. திருகைப் பார்த்தார், நகப்பாலீஷ் உடையவில்லை. மறுபடி அளந்தார். அவர் நெற்றியில் வேர்த்ததை அந்தக் குளிரில் நான் பார்த்தேன். பிறகு மெஷின் உடம்பிலிருந்த சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேல ஏதாச்சும் வெச்சியா தங்கச்சி?"

அதட்டவில்லை. மிரட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் துரையைப் பார்த்தேன். கண்ணுக்குள் அம்மா கிடந்தாள்.

"இல்லண்ணே. பொட்டு மட்டும்தான்."

கமலா தரையைப் பார்த்தாள். நாங்கள் நாலு பேர் அங்கே நின்றோம், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். சாக்கைத் திறந்து பார்க்கவில்லை. கமலாவைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையை நம்பாதவர், மூன்று கடைத் தராசை ஒத்துப் பார்த்தவர், என் வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டார்.

"யாரு செட் பண்ணது?" என்று கே.எல். ஆள் கேட்டார்.

"நான்தான் சார். எங்கயோ தப்பு பண்ணிருக்கேன்."

கால்மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஓட்டினார். மூடியிருந்தது போய்விட்டதால் மெஷின் ஒழுங்காக ஓடியது. ஏன் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஓடாதபோது பட்டதைவிட அப்போதுதான் அதிகமாகக் கலங்கினார். கே.எல். ஆட்கள் அரைமணி நேரம் பார்த்தார்கள். பேக்கிங் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து, பெட்டியில் ஒரு சின்ன ஃபேனை மாட்டி, "இதக்கூட யோசிக்கலயா?" என்று சிரித்துவிட்டுப் போனான். ஸ்டோர் அண்ணன் ஃபேன் வைக்க மறந்துட்டாரு என்று லைன் முழுக்கப் பேச்சாகிவிட்டது. நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த வருடம் அவருக்கு நீட்டித்துத் தரவில்லை. "வயசாச்சு, கணக்குத் தவறுது" என்று துரை சொன்னாராம். ஸ்டோரில் ஆணியும் திருகும் போட்டு வைத்திருந்த மீலோ டின்கள், அவர் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டி வைத்த மோட்டார்கள், போர்டுகள் எல்லாம் ஸ்கிராப் லோரியில் போயின. கிள்ளானுக்குக் கிளம்பிய அன்று பேக்கிங் ரூமுக்கு வந்து, பெட்டியின் பக்கத்தில் கடைசியாக ஒருமுறை புறங்கையை நீட்டிப் பார்த்தார். "அம்மாவப் பாத்துக்க" என்றார். நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். "சரிண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்து அம்மா போய்விட்டாள். அந்த லைன் வீட்டிலேயே, தன் படுக்கையிலேயே. அதற்குத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன், அது நடந்தது. துக்கம் கேட்க அவர் ஃபோன் பண்ணினார். கொஞ்ச நேரம் அம்மாவைப் பற்றிப் பேசிவிட்டு, தயங்கித் தயங்கி, "தங்கச்சி, இப்ப அந்த போர்டு எத்தன டிகிரி காட்டுது?" என்று கேட்டார். இனி எனக்கு இழக்க என்ன இருந்தது? அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஃபேன் ஓடுதுண்ணே, தெரியல" என்றேன். அதற்கப்புறமும் மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவார். அன்னைக்கு ஜன்னல் தெறந்திருந்துச்சா? கரண்டுல வோல்டு ஏறுச்சா? நான் ஒவ்வொன்றுக்கும் தெரியலண்ணே, தெரியலண்ணே என்றேன். பிறகு பிறகு, அவர் நம்பரைப் பார்த்தால் எடுக்காமல் விட்டேன். பாவி நான்.

போன வருடம் அவர் மகள் கூப்பிட்டுச் சொன்னாள். பதினாறாம் நாளுக்குக் கிள்ளான் போனேன். சாப்பாடு முடிந்ததும் அவள் உள்ளே போய் அந்த நீல அட்டை நோட்டை எடுத்து வந்தாள்.

"அப்பா கடைசி வரைக்கும் இதத்தான் வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு அக்கா. ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு. தங்கச்சி மெஷின் ஓட்டுற ஆளு, தப்பு எங்கன்னு அது கண்டுபுடிச்சிரும்னு சொன்னாரு."

தாப்பாவிலிருந்து மலை ஏறுகிற பஸ்ஸில் அதைப் பிரித்தேன். பக்கம் பக்கமாக ஒரே கணக்கு. ஒன்று புள்ளி ஒன்று ஆம்பியர். ஒவ்வொரு தடவையும் அதே விடை, பக்கத்தில் சரி என்று ஒரு டிக். எழுத்து போகப் போக நடுங்கியிருந்தது. கடைசிப் பக்கத்தில் கணக்கு இல்லை. எதனால் சுட்டிருக்கலாம் என்று ஒவ்வொன்றாக எழுதி, எதிரில் எப்படித் தெரியும் என்று குறித்திருந்தார்.

மோட்டார் சுருள் – அளந்தேன். சரி.

கரண்டு – அளந்தேன். சரி.

திருகு – அசையவில்லை. பார்த்தேன். சரி.

ரூம் சூடு – அளந்தேன். சரி.

மேலே மூடியிருந்ததா – இல்லை. தங்கச்சி சொன்னது. சரி.

அதற்கும் ஒரு டிக் போட்டிருந்தார். ரிங்லெட் வந்து, பிரிஞ்சாங் வந்து, எல்லாரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை.